அடுக்கு ரேக் சாய்கிறதா, சிக்குகிறதா, வளைகிறதா? நான் பார்க்கும் வரிசை

நாகர்கோவில் பக்கத்தில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், கூரை வேலைகளுக்கு நடுவே அடிக்கடி வருகிற அழைப்பு, குடோன்களில் இருக்கும் அடுக்கு ரேக்குகளுக்காக. கீழே ஒரு இரும்புச் சட்டம், நாலு மூலையிலும் நாலு கால், ஒன்றின் தலையில் இன்னொன்று உட்காரும், சுவரிலோ தரையிலோ ஒரு போல்ட்கூட இருக்காது, அந்த வகை ரேக்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட், குளச்சல் பக்கம் வலையும் கயிறும், மார்த்தாண்டத்தில் டயரும் மெத்தையும் என்று இடத்தை அடைக்கிற சரக்கெல்லாம் இதில்தான் ஏறுகிறது.

போன் எடுத்தால் ஒரே வசனம்தான்: "அண்ணே, ரேக் வளைஞ்சு போச்சு, மெஷினை எடுத்துட்டு வாங்க." மெஷினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனால் பாதி இடங்களில் அதைக் கீழே இறக்கவே வேண்டியிருக்காது. தரை சரிவாக இருக்கும், கப்புக்குள் ஜல்லி கிடக்கும், இல்லையென்றால் சரக்கு முழுவதையும் ஒரு மூலையில் திணித்திருப்பார்கள். அதனால் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, காசு செலவாகும் வேலைவரை நான் பார்க்கும் வரிசையை எழுதி வைக்கிறேன்.

பெயர்கள் மட்டும் முதலில். மூலையில் நிற்கும் குழாயைக் கால் என்கிறேன். மேல் ரேக்கின் அடியில் இருக்கும் கிண்ணம் மாதிரியான பகுதி கப், அது கீழ் ரேக்கின் கால் தலையில் உட்கார வேண்டும். கால் கழற்றும் வகையாக இருந்தால், அது சட்டத்தில் சொருகும் இடம் சாக்கெட்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒன்று. சந்தேகம் வந்த அடுக்கை மேலிருந்து ஒவ்வொன்றாக ஃபோர்க்லிஃப்டில் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சரக்கோடு நிற்கும் அடுக்கில் ஏறிப் பார்ப்பது, கடப்பாரையால் நெம்புவது, கயிறு கட்டி இழுப்பது எதுவும் கூடாது. சாய்ந்த அடுக்கு பக்கத்து அடுக்கின் மேல் முட்டுக்கொடுத்து நிற்கிறது என்றால், அதை இறக்கவும் நீங்கள் முயல வேண்டாம். கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, கிரேன் வைத்திருப்பவரையும் ரேக் செய்து கொடுத்தவரையும் கூப்பிடுங்கள்.

## அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஷெட்டின் தூணே சாய்வாக இருந்தால் நேரான அடுக்கும் சாய்ந்த மாதிரிதான் தெரியும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி மேல் ரேக்கின் காலிலிருந்து தொங்கவிட்டு, மேலே எவ்வளவு இடைவெளி, கீழே எவ்வளவு என்று டேப்பில் அளந்து எழுதுங்கள். மீட்டருக்கு 5 மி.மீ. வரை என்றால் குறித்து வைத்துக் கவனிப்பேன், 10 மி.மீ. தாண்டினால் அன்றைக்கே இறக்கச் சொல்வேன். இது என் கைப்பழக்கக் கணக்கு. ரேக் செய்தவர் இதைவிடக் குறைவாக ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் சரி.

அப்புறம் அடுக்கை இறக்கி, அடி ரேக்கை மட்டும் காலியாக அதே இடத்தில் 180 டிகிரி திருப்பி வைத்து, அதே வரிசையில் மறுபடி வெற்று ரேக்குகளை ஏற்றி அளந்து பாருங்கள். இந்த ஒரு சோதனை எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த வெல்டிங் ராடுக்குக் கணக்கில்லை.

### திருப்பிய பிறகும் அதே சுவர்ப் பக்கம் சாய்கிறது

அப்படியானால் தப்பு தரையில். குளச்சல் பக்கம் ஒரு குடோனில் மூன்று ரேக்குகளை "வளைந்தது" என்று சொல்லி வெளியே போட்டு வைத்திருந்தார்கள். எடைக்குப் போட ஆள்கூட வந்தாயிற்று. நான் போய்த் திருப்பி வைத்துப் பார்த்தால், எந்த ரேக்கை வைத்தாலும் தெற்குச் சுவர்ப் பக்கமே சாய்கிறது. விசாரித்தால் அது முன்னால் மீன் இறக்கும் ஷெட். கழுவுகிற தண்ணீர் வடிவதற்காக மீட்டருக்கு 10 மி.மீ. சரிவு கொடுத்துத் தளம் போட்டிருந்தார்கள். 10 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. ஆனால் 4 மீட்டர் உயர அடுக்கில் உச்சி 40 மி.மீ. தள்ளி நிற்கும்.

நாலு கால் இடத்திலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், நீளமான மட்டப்பலகை இருந்தால் இன்னும் நல்லது. சரிவு ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் தாழ்ந்த காலுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுக்கலாம். தகடு காலின் அடியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், நகராதபடி தரையோடு பிடித்திருக்க வேண்டும். மரத்துண்டு, ஓட்டுச் சில்லு, மடித்த அட்டைப்பெட்டி எல்லாம் வேண்டாம், ஈரத்தில் ஊறி அமுங்கும், இல்லையென்றால் செல் அரிக்கும். குடோன் முழுக்கச் சரிவு என்றால் தகடு வைத்து மாளாது. சரிவை மட்டப்படுத்தித் தளம் போடக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், அதுவரை ஒரு அடுக்கு குறைத்து ஏற்றுங்கள்.

### திருப்பினால் சாய்வும் கூடவே திரும்புகிறது

இப்போது ரேக்கைச் சந்தேகப்படலாம். சட்டத்தின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்து பாருங்கள். 1200க்கு 1000 மி.மீ. சட்டம் என்றால் இரண்டுமே 1562 மி.மீ. பக்கத்தில் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் கோணலாகிவிட்டது, ஃபோர்க்லிஃப்ட் மூலையில் இடித்திருக்கும். மூலைவிட்டம் சரியாக இருந்தால் ஒவ்வொரு காலின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். வேறு வேறு சமயத்தில் வேறு வேறு பட்டறையில் வாங்கிய கால்களைக் கலந்து போட்ட குடோன்களில், ஒரு கால் 6 மி.மீ. குட்டையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கால்களில் பெயிண்டால் எண் போட்டு ரேக்கோடு ஜோடி சேர்த்து வைத்தால் இது வராது.

### காலி ரேக் நேராக நிற்கிறது, சரக்கு ஏற்றினால் சாய்கிறது

சரக்கு ஏற்றிய விதத்தைப் பாருங்கள். வலை மூட்டையை லோடுமேன் எந்தப் பக்கம் நின்று தள்ளுகிறாரோ அந்தப் பக்கம் காலியாகவும் எதிர்ப்பக்கம் குவியலாகவும்தான் இருக்கும், அது இயல்பு. இரண்டு பக்கமிருந்தும் ஏற்றச் சொல்லுங்கள். கனமான ரேக் கீழே, லேசானது மேலே. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவசரமாக லோடு வருகிற நாளில் யார் பார்க்கிறார்கள்?

## சாயவில்லை, ஆனால் தொட்டால் ஆடுகிறது

கழற்றும் காலில்தான் இது அதிகம். ஒரு காலைப் பிடித்து ஆட்டி, தலைப்பக்கம் எவ்வளவு போய் வருகிறது என்று அளந்து பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், இல்லையென்றால் கழற்றவே முடியாது.

அளவுக்கு மேல் ஆடினால் சாக்கெட் குழாய் பெரிதாக இருக்கிறது. நம்ம ஊர்ப் பட்டறைகளில் (என் பட்டறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) ஒரு பழக்கம் உண்டு. 2 இஞ்ச் பைப்பில் கால், அது சொருக 2½ இஞ்ச் பைப்பில் சாக்கெட். கடையில் கிடைக்கிற அடுத்த அளவு அதுதானே. 2 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. 2½ இஞ்சின் வெளிவிட்டம் 76.1, சுவர்கனம் இரண்டு பக்கமும் 3.65 போனால் உள்விட்டம் 68.8. ஆக 8 மி.மீ.க்கு மேல் இடைவெளி. சாக்கெட் ஆழம் 100 மி.மீ. மட்டும் இருந்தால், 1200 மி.மீ. உயரக் காலின் தலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 200 மி.மீ. பக்கம் வரை போய்வரும். அதன் தலையில் இன்னொரு ரேக், அதன் மேல் இன்னொன்று.

இதற்குச் சின்ன வைத்தியம், சாக்கெட்டுக்குள் மேலேயும் கீழேயும் வளையத் தகடு வைத்து இடைவெளியை 2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவருவது. வெறும் ரேக்கில் செய்கிற பட்டறை வேலை, குடோனுக்குள் சரக்குக்கு நடுவே வெல்டிங் பொறி பறக்க விடுகிற வேலையில்லை. ஆழம் போதவில்லை என்றால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். சாக்கெட்டுக்கும் காலுக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்குகிறவர்கள் உண்டு, ஃபோர்க்லிஃப்ட் ரெண்டு முறை தூக்கி வைத்தால் ஆப்பு கீழே கிடக்கும்.

## மேல் ரேக்கின் கப் சரியாக உட்காரவில்லை

இது சாய்வைவிட ஆபத்தானது. மூன்று மூலை உட்கார்ந்து ஒன்று மட்டும் விளிம்பில் ஏறி நிற்கும். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், மேலே டிரைவருக்கும் தெரியாது.

முதலில் கப்புக்குள் டார்ச் அடியுங்கள். ஜல்லி, காய்ந்த சகதி, குளவிக்கூடு, ரப்பர் துணுக்கு, நைலான் நூல் சுருள், எல்லாம் நான் எடுத்தவைதான். வலை வைக்கும் குடோன்களில் நூல் கப்புக்குள் சுற்றிச் சுற்றி மெத்தை மாதிரி ஆகிவிடும். கத்தியால் அறுத்தெடுத்தால் வேலை முடிந்தது.

உள்ளே சுத்தமாக இருந்தும் உட்காரவில்லை என்றால் கப்பின் வாய் நசுங்கியிருக்கும், தரையில் இழுத்துக்கொண்டு போன ரேக்குகளில் வரும். லேசான நசுங்கலைக் குழாய்த்துண்டு கொடுத்துத் தட்டி வட்டமாக்கலாம். கிழிந்திருந்தால் புது கப்.

அதுவும் சரி என்றால் இரண்டு ரேக்குகளும் வேறு வேறு அளவு. பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், கால் மையத்திலிருந்து கால் மையம் அளந்தால் 1200, 1215 என்று வரும். இதற்குப் பட்டறை வைத்தியம் கிடையாது, ஒரு செட்டுக்கு நீலம், இன்னொரு செட்டுக்கு மஞ்சள் என்று பெயிண்ட் அடித்துப் பிரித்துவிடுங்கள், நீலத்தின் மேல் மஞ்சள் ஏறவே கூடாது.

எது எப்படி இருந்தாலும், ஒவ்வொரு ரேக்கை ஏற்றிய பிறகும் ஃபோர்க்கை (ஃபோர்க்லிஃப்டின் இரண்டு தூக்கும் கரங்களை) வெளியே எடுப்பதற்கு முன்னால், தள்ளி நின்று நாலு மூலையையும் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

## கால் வளைந்திருக்கிறது அல்லது வெல்டிங்கில் விரிசல்

ஒரு மீட்டர் நேரான கட்டையைக் காலோடு சேர்த்து வைத்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தரையில் போல்ட் அடித்த நிலையான பேலட் ரேக்குகளுக்கு ஐரோப்பியத் தரம் ஈஎன் 15635 ஒரு அளவு சொல்கிறது: தூணில் ஒரு மீட்டருக்கு, வரிசையின் நீளவாக்கில் 5 மி.மீ., உள்பக்க ஆழவாக்கில் 3 மி.மீ. வளைவுவரை. நம்முடையது அந்த வகை இல்லை, வளைவு எந்தத் திசையில் வந்தாலும் அடுக்கின் முழுப் பாரமும் அந்தக் காலில்தான், அதனால் நான் எல்லாத் திசைக்கும் 3 மி.மீ.யையே பிடித்துக்கொள்கிறேன். நசுங்கல், மடிப்பு, கிழிசல் என்றால் அளவே பார்ப்பதில்லை, ஓரம்தான்.

வளைந்தது அடி ரேக்கா, மேல் ரேக்கா என்பதுதான் அடுத்த கேள்வி. ரேக் 60 கிலோ, சரக்கு 800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு அடுக்கு என்றால் அடி ரேக்கின் கால்கள் மேலே இருக்கிற மூன்றையும் தாங்குகின்றன: 860ஐ மூன்றால் பெருக்கினால் 2580 கிலோ, ஒரு காலுக்கு 645. உச்சியில் இருக்கிற ரேக்கின் காலுக்குப் பாரமே இல்லை. ஆகவே லேசாக வளைந்த ரேக்கை "உச்சியில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அடுத்த மாதம் லோடுமேன் அதை அடியில் வைத்திருப்பார். அதனால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, எதனால் வளைந்தது? அடியிலிருந்து முழங்கால் உயரத்தில் வளைவு, பெயிண்ட் உரிந்திருக்கிறது என்றால் ஃபோர்க்லிஃப்ட் இடி. காலின் நடுவில் மெல்ல வில் மாதிரி, இடித்த தடமே இல்லாமல் வளைந்தால் பாரம் அதிகம், அந்த ஒரு காலை மாற்றினால் போதாது, அந்த அளவு ஏற்றிய அத்தனை ரேக்குகளையும் பார்க்க வேண்டும். காலும் சட்டமும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரித் துருக்கோடு தெரிந்தால் வெல்டிங் விரிசல். நகத்தால் தடவினால் மாட்டும்.

இனி என் தப்பு. பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு குடோனுக்காக வளைந்த காலை கேஸ் கட்டரால் சூடாக்கி நிமிர்த்தி, மேலே ஒரு ஒட்டுத் தகடும் வைத்து வெல்டிங் செய்து கொடுத்தேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. அதே கால் சில மாதத்தில் திரும்பி வந்தது, என் ஒட்டுத் தகடு முடிகிற இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே மடிந்து. அன்றைக்கு அந்த ரேக்கில் மெத்தை இருந்ததால் தப்பித்தேன். அதற்கப்புறம் நிமிர்த்துவது கிடையாது. கழற்றும் கால் என்றால் புதுக் கால், நிலையான கால் என்றால் ரேக்கையே ரேக் செய்தவரிடம் அனுப்பு.

கால்வனைஸ் செய்த ரேக்கில் சின்ன வெல்டிங் வேலை வந்தால், அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சை முழுக்க அரைத்தெடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள், எனக்கு ஒரு நாளும் சரியானதில்லை.

தொழில் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய கட்டம் எது என்றால்: ஒரே வரிசையில் இரண்டு ரேக்குகளுக்கு மேல் நடு வளைவு, எந்த ரேக்கிலாவது வெல்டிங் விரிசல், அல்லது எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிய தகடே ரேக்கில் இல்லை. பாரக் கணக்கு எஞ்சினியர் போட வேண்டியது. "நாலு டன் தாங்கும், பயப்படாதீங்க" என்று வெல்டர் சொன்னால், அது நானாகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

## கழற்றும் கால் சாக்கெட்டில் சிக்கிக்கொண்டது

கடலோர குடோன்களின் நிரந்தரத் தலைவலி. மேற்குக் கடற்கரைப் பகுதியில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குப் பக்கம் சின்னமுட்டம் சேர்ந்த பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கரைக்கு வந்த பழைய வலைகள் குடோன்களில் அடைவது அப்போதுதான். மேற்கே அது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலமும்கூட. உப்பு ஊறிய வலை, வெளியே மழை, உள்ளே ஈரம். சொட்டுகிற உப்புத் தண்ணீர் காலோடு வழிந்து சாக்கெட்டுக்குள் தங்குகிறது. தடை முடிந்து ரேக்கைக் காலி செய்து அடுக்கலாம் என்று பார்த்தால் கால் வராது.

செய்யும் வரிசை இது. சாக்கெட் வாயில் சுத்தமாகத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயோ டபிள்யூடி-40யோ விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் காலைப் பிடித்து மேலே இழுக்காமல் முதலில் திருகிப் பாருங்கள், சதுரக் கால் என்றால் நாலு பக்கமும் மரச்சுத்தியால் தட்டுங்கள். சின்ன அசைவு வந்துவிட்டால் அப்புறம் மூன்று நாள் ஆனாலும் வந்துவிடும். ஃபோர்க்லிஃப்டில் சங்கிலி போட்டு இழுப்பவர்கள் சாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். குடோனுக்குள் கேஸ் விளக்கால் சூடாக்குவது வேண்டவே வேண்டாம், பக்கத்தில் இருப்பது நைலானும் ரப்பரும்.

கழன்ற பிறகு சாக்கெட்டின் அடியில் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பல ரேக்குகளில் இருக்காது, இருந்தாலும் பெயிண்டால் அடைத்திருக்கும். 10 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். சொருகும் பகுதிக்குக் கிரீஸ் தடவுங்கள். உள்ளே துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, சுவர்கனம் பாதியாகிப் போயிருந்தால் அந்த சாக்கெட் தீர்ந்தது, மாற்றியாக வேண்டும்.

## தரை உடைகிறது, கால் இறங்குகிறது

ஒரு அடுக்கு தரையில் இறக்கும் பாரம் மேலே போட்ட கணக்கில் 3440 கிலோ. நாலு காலுக்குப் பிரித்தால் ஒரு காலடியில் 860. இதுவரை பரவாயில்லை. நெருக்கி நெருக்கி அடுக்கும்போது நாலு அடுக்கின் மூலைகள் ஒரே இடத்தில் சேர்கின்றனவே, அங்கே நாலு கால், மொத்தம் 3440 கிலோ, ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில். நம்ம பக்கம் வயலையும் குளத்தங்கரையையும் நிரப்பிக் கட்டிய குடோன்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

### இன்டர்லாக் கல் தளம்

கல் உடையாது, இறங்கும். ஒரு கால் மட்டும் இறங்கி அடுக்கு சாயும். இடைக்கால ஏற்பாடாக, இரண்டு காலையும் சேர்த்து அடியில் நீளமாக இரும்புச் சேனல் போட்டால் பாரம் பரவும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கல்லைப் பெயர்த்து, கால் வரும் கோட்டில் மட்டுமாவது கான்கிரீட் பட்டை போட வேண்டும்.

### கான்கிரீட் தளம்

மேலாகப் பொரிந்திருந்தால் கொத்தனார் போதும். விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்து, நாணயத்தை வைத்துத் தள்ளினால் இடறுகிற அளவு படி தெரிந்தால், அடியில் மண் இறங்குகிறது. அந்தப் பகுதியைக் காலி செய்துவிட்டு சிவில் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டு மறுபடி ஏற்றுவது என்னைப் பொறுத்தவரை காசைக் கொடுத்து விரிசலை மறைக்கிற வேலை.

## ஃபோர்க்லிஃப்ட் தூக்கும்போது ரேக் கோணலாக எழுகிறது

ரேக்கைக் குற்றம் சொல்லுமுன் ஃபோர்க்கைப் பாருங்கள். வெறும் ஃபோர்க்கை மட்டமான தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, இரண்டு நுனிக்கும் தரைக்குமான உயரத்தை அளந்தால் போதும். இரண்டுக்கும் வித்தியாசம் ஃபோர்க் நீளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 1070 மி.மீ. ஃபோர்க்குக்கு அது 32 மி.மீ. ஃபோர்க் வளைந்து மேலே திரும்புகிற குதிகால் பகுதி தேய்ந்து 10 சதவீதம் கனம் குறைந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான், 40 மி.மீ. கனம் 36 ஆனால் முடிந்தது. இதெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்கின் வேலை, ஃபோர்க்கில் வெல்டிங் வைக்கச் சொல்லி என்னைக் கேட்டவர்களுக்கு நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஃபோர்க் நன்றாக இருந்து வண்டியின் பின்பக்கம் லேசாகத் தூக்குகிறது என்றால், சரக்கின் நடுமையம் தள்ளி இருக்கிறது. வண்டியில் 1500 கிலோ என்று எழுதியிருப்பது, நடுமையம் ஃபோர்க்கின் முதுகிலிருந்து 500 மி.மீ.யில் இருந்தால்தான். 1500 மி.மீ. ஆழமான ரேக்கில் நடுமையம் 750க்குப் போய்விடும், வண்டியின் சக்தி அதற்கேற்பக் குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் பாரத் தகட்டில் அந்த அளவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தகடு பெயிண்டில் மறைந்திருந்தால் (பெரும்பாலும் மறைந்துதான் இருக்கும்) வண்டி விற்றவரிடம் கேட்டு வாங்கி ஒட்டுங்கள்.

## சரக்கு பக்கவாட்டில் பிதுங்கிப் பக்கத்து ரேக்கில் முட்டுகிறது

ரப்பர் ஷீட் கட்டு கல் மாதிரித் தெரிந்தாலும் பாரத்தில் மெல்ல மெல்ல அமுங்கிப் பரவும். ஏற்றிய அன்றைக்கு ரேக்குக்குள் அடக்கமாக இருந்தது பங்குனி, சித்திரை வெயிலுக்குப் பிறகு வெளியே வயிறு தள்ளியிருக்கும். சரக்கே கால்களை உள்ளிருந்து வெளியே நெட்டுகிறது. ஒரு ரேக்குக்குள் கட்டுகளின் உயரத்தைக் குறையுங்கள், நடுவில் பலகை கொடுங்கள், பக்கத்தில் கம்பித் தடுப்பு மாட்டுங்கள். மாட்டும்போது தடுப்பின் மேல் விளிம்பு கப் உட்காரும் இடத்தில் இடிக்காமல் இருக்க வேண்டும். டயர் என்றால் அதிகம் படுக்க வைக்காதீர்கள், அடி டயர் அமுங்கிப் போகும், நிற்க வைக்கிற குறுக்குக் கம்பி போட்டுக் கொடுக்கலாம்.

## சரக்கில் துருக்கறை

ரப்பர் குடோன்காரர் "ஷீட்டில் துரு" என்றால் ஒரு நிமிஷம் பொறுங்கள். ரப்பர்த் தொழிலில் துரு என்று சொல்வது இரும்புத் துரு இல்லை, ஷீட் காய்கிற நேரத்தில் மேலே படிகிற பழுப்புப் படலம். ஷீட்டை இழுத்துப் பாருங்கள், படலம் பொடிப் பொடியாக உடைந்து தெரிந்தால் கோளாறு ஷீட்டை உலர்த்துகிற புகைக்கூட்டில், ரேக்கில் இல்லை. கறை ரேக்கின் கம்பி போன தடத்திலேயே கோடாக இருந்தால் அது நம்ம வேலை. துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட். வெறும் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டால் கடற்காற்றில் ஒரு மழைக்குத் தாங்காது. சரக்குக்கு அடியில் விரிப்பு ஒன்று எப்போதும் போடுங்கள்.

கால்வனைஸ் ரேக்கில் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால், காலி ரேக்குகளை ஈரத்தோடு நெருக்கி அடுக்கி வைத்திருக்கிறீர்கள். காற்று போக இடைவெளி விட்டால் நின்றுவிடும், ஆரம்பத்திலேயே கவனித்தால் செலவே இல்லை.

## வெளியே வைத்த அடுக்கு காற்றில் நகர்கிறது

ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் குடோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஆனி, ஆடியில் அங்கே அடிக்கிற காற்று காற்றாலைக்கு நல்லது, காலி ரேக் அடுக்குக்கு நல்லதில்லை. சரக்கு இருக்கிற அடுக்கைவிடக் காலி அடுக்குதான் முதலில் விழும். அதைவிட மோசம், மழைக்காகத் தார்ப்பாய் போட்டுக் கட்டிய அடுக்கு, பாய்மரக் கப்பல் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும். அந்த மாதங்களில் வெளியே ஒரு ரேக்கின் மேல் இன்னொன்று ஏற்ற வேண்டாம், கால்களைக் கழற்றிச் சட்டங்களைத் தனியாகப் படுக்க வையுங்கள். காலையில் வந்து பார்த்தால் அடுக்கு ராத்திரி இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்திருக்கிறது என்றால், தள்ளி மறுபடி நேராக வைக்காமல் இறக்கிவிடுங்கள். கால்களை சாக்கெட்டுகளிலிருந்து எடுத்து ஒவ்வொன்றையும் தரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்தது நேராக உருளாது.